கோப்பிக் களத்தின் ஐந்தாவது கோடு

விமானம் விழுந்து நூற்றுப் பதினோரு நாட்களும் இருபத்தொரு மணி நேரமும் ஆகியிருந்தபோது, முருகையா கோப்பிக் களத்துக்கு வந்து சேர்ந்தான்.

அவன் வேண்டுமென்று நாட்களை எண்ணவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின் ஓட்டுகிறவனுக்கு மணிக்கணக்கு உடம்பில் ஏறிவிடுகிறது. போன ஐப்பசியில் ஒரு காலை பத்து மணிக்கு அது விழுந்தது. இன்று பத்து மணியானால் நூற்றுப் பன்னிரண்டு நாட்கள் நிறையும்.

இப்போது மணி ஏழு. நல்ல வெயில். கிழக்கே நமுனுகுல மலை கழுவி வைத்ததுபோல் தெரிந்தது.

ஊத்துமலைத் தோட்டத்தில் கோப்பி அழிந்து நாற்பது வருடமாகிறது. இலையில் துருநோய் விழுந்து செடியெல்லாம் பட்டுப்போன பிறகுதான் தேயிலை வைத்தார்கள். கோப்பி காயப்போட்ட களமும், அதை ஒட்டிய கல் கட்டடமும் மட்டும் மிச்சம். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத அளவுக்குக் களம் மட்டமாக இருந்தது. யுத்தத்தில் விமானம் ஓட்டிவிட்டு வந்த வெள்ளைக்காரச் சின்னதுரைக்கு அதனால்தான் அந்த இடம் பிடித்துப்போனது. பெட்டி பெட்டியாக ரயிலில் பண்டாரவளைக்கு வந்த விமானத்தைக் கல் கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டினார். களத்தில் ஒரு புள்ளியிலிருந்து எட்டுத் திசைக்கும் சுண்ணாம்பால் எட்டுக் கோடுகள் போட்டார்.

லயத்தில் குடியிருந்த தொழிலாளர்களுக்கு அந்தக் கட்டடம் ஆகாது. கோப்பிக் காலத்தில் காய்ச்சல் கண்டவர்களை அங்கேதான் கொண்டுவந்து கிடத்தினார்களாம். எத்தனை பேர் நடந்து வெளியே போனார்கள் என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் மடியில் ஒரு ஆணியாவது வைத்துக்கொண்டு போவார்கள். இரும்பு இருந்தால் எதுவும் கூடவே வீட்டுக்கு வராது.

முருகையா அதைக் கேட்டுச் சிரிக்கிறவன். "உசுரோட இருக்கயில கங்காணிக்கே பயப்படாதவன், செத்த பெறகு ஆணிக்கா பயப்படப் போறான்?" என்று கேட்பான். லயத்தில் அந்தக் கேலி அவன் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இன்று அவன் மடியில் இரும்பு இருந்தது.

அன்றும் இருந்தது.

விமானத்தில் ஊசியைச் சரிபார்ப்பது எப்படி என்று சின்னதுரை அவனுக்குக் காட்டியிருந்தார். திசை காட்டும் ஊசி வடக்கே பார்க்க வேண்டும். ஆனால் விமானத்திலேயே இரும்பு இருக்கிறது. என்ஜின் இருக்கிறது, கம்பிகள் இருக்கின்றன. அவை ஊசியைக் கொஞ்சம் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க விமானத்தை எட்டுக் கோடுகளிலும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஊசி காட்டும் எண்ணைப் படிக்க வேண்டும். பிறகு ஊசிக்கு அடியில் விரல் நீளக் காந்தங்களை வைத்து அந்த இழுப்பை எதிர்த்து இழுக்க வேண்டும். அப்படியும் மீதமிருக்கும் பிழையை ஒரு அட்டையில் எழுதி, ஓட்டுகிறவர் கண்முன்னே ஒட்ட வேண்டும். மூடுபனிக்குள் நுழைந்துவிட்டால் அந்த ஊசியும் அட்டையும்தான் கண்.

அதனால் அந்த வேலை நடக்கும்போது யார் உடம்பிலும் இரும்பு இருக்கக்கூடாது. சின்னதுரை ஒரு கத்தியை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். ஊசி நடுங்கிக் கத்தியின் பக்கம் திரும்பியது. ஆணி அடித்த தம் சப்பாத்தையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார் அவர்.

அப்படி ஊசி பார்த்த அன்று நான்கு பேர் விமானத்தைத் தள்ளித் திருப்பினார்கள். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, சாவி, அரிவாள் எல்லாம் களத்தோரக் கல்லின் மேல் ஏறின. மாடசாமி தன் பாக்குவெட்டியை முத்தம் கொடுத்து வைத்தான். முருகையாவின் தங்கை ஜெயலெட்சுமியின் புருசன் அவன். வால் பக்கம் நின்று, முருகையா உள்ளேயிருந்து படிக்கும் எண்ணைத் தூரத்தில் நிற்கும் துரைக்குக் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொல்வது அவன் வேலை. ஆங்கில இலக்கம் படிக்கத் தெரிந்த, ஒல்லியான ஆள் என்பதால் முருகையாதான் உள்ளே, ஓட்டுகிறவர் உட்காரும் பின் இருக்கையில் உட்கார வேண்டியிருந்தது.

"முருகையா, இரும்பு?" என்று துரை கேட்டார்.

"இல்லீங்க தொரை."

தொழிற்சாலைச் சாவியைக் கல்லின் மேல் வைத்தான். மடியில் ஒரு சாண் நீளத்துக்கு உடைந்த அரம் ஒன்று இருந்தது. மஞ்சள் நூல் சுற்றி அவன் பெண்சாதி ரெங்கம்மா கட்டி அனுப்பியது. அவளுக்கு அப்போது ஆறு மாதம். முதல் பிள்ளை பிறந்து ஏழு நாள்தான் உயிரோடு இருந்தது. "நீங்க நம்ப வேணாம். எனக்காக வச்சிக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தாள்.

அவன் அதை எடுத்துக் கல்லின் மேல் வைத்திருக்கலாம். நாலு பேர் சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான்.

மாடசாமி அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே ஏற்றினான். ஏற்றும்போது காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான். "என்னாடா ரகசியம்?" என்று மற்றவர்கள் கேட்டதற்கு, "மச்சானும் மச்சானும் ஆயிரம் பேசுவோம். நீ வாலப் புடி" என்றான். பிறகு பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான். எல்லாம் சரி என்பதற்கு அது அவன் அடையாளம்.

அரம் இழுத்த இழுப்பையும் விமானத்தின் இழுப்பு என்றே துரை எடுத்துக்கொண்டார். அதற்கும் சேர்த்துக் காந்தம் வைத்தார். அட்டை எழுதினார். வேலை முடிந்து முருகையா இறங்கியபோது அரமும் அவனோடு இறங்கிவிட்டது. காந்தங்கள் உள்ளேயே இருந்தன.

ஐந்து நாள் கழித்து, முன் இருக்கையில் பாரத்துக்காக மாடசாமியை ஏற்றிக்கொண்டு துரை பதுளைப் பக்கம் பறந்தார். திரும்பும் வழியில் மூடுபனி. வழி தவறிப்போய் நமுனுகுலச் சரிவில் மோதினார்கள். துரைக்குக் கால் முறிந்தது. மாடசாமி இருந்த முன்பக்கம் நசுங்கிப்போனது.

"ஊசி பொய் சொல்லிச்சு" என்றார் துரை, ஆஸ்பத்திரியில். தம் அட்டை சரிதான் என்றார். அப்படியானால் முன் இருக்கையில் இரும்பு இருந்திருக்க வேண்டும்.

லயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாக்குவெட்டி இல்லாமல் மாடசாமி கக்கூசுக்குக்கூடப் போகமாட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

அந்தப் பாக்குவெட்டி முருகையாவின் தகரப்பெட்டியில் இருந்தது. ஏறிப்போன அன்று காலை மாடசாமியே அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அதை எடுத்துக் காட்டினால் மாடசாமிமேல் பழி இல்லை. பிறகு யார் இரும்பு என்று கேட்பார்கள். அந்த விமானத்துக்குள் உட்கார்ந்தவர்கள் மூன்றே பேர்.

அவன் காட்டவில்லை.

சில நாட்களில், விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். குளிரில் தகரம் சுருங்குது என்று ரெங்கம்மாவிடம் சொல்வான். குளிரில் தகரம் சுருங்கும் என்பது உண்மைதான்.

இப்போது விமானத்தைச் சரிசெய்தாகிவிட்டது. காந்தங்களைத் துரை தொடவே இல்லை. இன்று மறுபடியும் எட்டுக் கோடுகளிலும் நிறுத்திப் பார்க்கப் போகிறார். பழைய அட்டையோடு ஒத்துவந்தால் அட்டை சரி, குற்றம் மாடசாமியுடையது. அவன் பெண்சாதிக்குத் தோட்டத்தை விட்டுப் போகும் பத்துச்சீட்டு கணக்கப்பிள்ளையின் கையில் தயாராக இருந்தது. ஒத்துவராவிட்டால், அன்று உள்ளே உட்கார்ந்தவன் யார் என்ற கேள்வி வரும்.

அரம் அதே இடத்தில் இருந்தால் எண்களும் அதே எண்களாக வரும். அது முருகையாவுக்குத் தெரியும்.

விடிகாலையில் ரெங்கம்மா பீலிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்து முப்பத்தொன்பது நாள். அதன் பாய்க்கு அடியில் அரம் இருந்தது. தூங்கும் பிள்ளையை ஒரு கையால் சற்றுத் தள்ளிவிட்டு, மறுகையால் அதை இழுத்தான். அரத்தின் பற்கள் விரலில் கரகரத்தன. துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தான். தொழிற்சாலைக்குப் போய் என்ஜினை ஓடவிட்டுவிட்டுத்தான் களத்துக்கு வந்தான்.

---

"என்ன முருகையாண்ணே, மொகம் வெளுத்துக் கெடக்கு? புள்ள ராவு முழுக்க அழுததா?"

கேட்டது வண்டிக்கார ஸலீம். மாடசாமிக்குப் பதிலாக இன்று வால் பிடிக்க வந்திருந்தான்.

"ஆமா நானா."

"இந்த ரெக்கையக் கண்டு என்ட மாடு ரெண்டும் ஒரு நாள் புல்லுத் திங்கல்ல. நீங்க அதுக்குள்ள போய் உக்காருறீங்க. பெரிய ஆள்தான்."

களத்துச் சுவரோரம் ஜெயலெட்சுமி ஒரு மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைக் கண்டதும் எழுந்தாள்.

"தேத்தண்ணி குடிச்சீங்களாண்ணே?"

"குடிச்சேன். நீ எதுக்கு இங்க வந்த?"

"சீட்டுக்குக் கைநாட்டு வைக்க கணக்கப்பிள்ளை ஐயா வரச் சொன்னாங்க. ஊசி என்னா சொல்லுதுன்னு நானே கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

"எங்க போவ?"

"கொஸ்லந்தைப் பக்கம் ஆள் எடுக்குறாங்களாம். ஏரோப்பிளேன விழுத்துனவன் பொண்டாட்டின்னு தெரிஞ்சா எடுப்பாங்களோ என்னமோ."

கணக்கப்பிள்ளை குடைக்கு அடியிலிருந்து சிரித்தார். "பாக்கு வெட்டச் சொன்னா ஆகாயத்தையே வெட்டிப்புட்டான் ஒம் புருசன்."

அவள் அண்ணன் ஏதாவது சொல்வான் என்று ஒருமுறை பார்த்தாள். முருகையா கல்லின் மேல் சாவிக்கொத்தை வைப்பதில் கவனமாக இருந்தான்.

சின்னதுரை கைத்தடியோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். "முருகையா, இரும்பு?"

"இல்லீங்க தொரை."

இம்முறை அவனே ஏறிக்கொண்டான்.

---

முதல் கோடு வடக்கு. விமானத்தை உருட்டிவந்து, வாலைத் தூக்கி மரமுக்காலியில் வைத்தார்கள். மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் பித்தளைக் குண்டுகள் நூலில் தொங்கின. இரண்டும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வந்து நின்றதும் துரை கை காட்டினார்.

ஊசி ஆடி அடங்கியது.

"ரெண்டு" என்றான் முருகையா.

"ரெண்டூ!" என்று ஸலீம் கத்தினான்.

துரை அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். அட்டையிலும் இரண்டு.

அடுத்தது வடகிழக்கு. தூக்கி, உருட்டி, மறுபடியும் வைக்க அரை மணி நேரம் போனது.

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறூ!"

நாப்பத்தாறு, என்று மலை திருப்பிச் சொன்னது. கட்டடத்தின் கற்சுவரில் பட்டுத் திரும்பும் குரல் என்று முருகையா நினைத்தான். கற்சுவர் இடது பக்கம் இருந்தது. குரல் முன்னாலிருந்து வந்தது.

மூன்றாவது கோடு கிழக்கு. "தொண்ணூத்தி ஒண்ணு." ஸலீம் கத்தினான். கத்தி முடிந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, இரண்டு கை தூரத்தில் யாரோ தாழ்ந்த குரலில் அதையே சொன்னார்கள்.

வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசும் குரல்.

முருகையாவின் கை மடியைத் தொட்டது. பொதி கனமாக அங்கேயே இருந்தது. இரும்பு இருந்தால் எதுவும் கிட்டே வராது என்பார்கள். அவன் வாழ்நாளில் முதல்முறையாக அதை முழுமனதோடு நம்ப விரும்பினான்.

கணக்கப்பிள்ளை பத்துச்சீட்டை விரித்து மை தொட்டார். ஜெயலெட்சுமி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

நான்காவது கோடு தென்கிழக்கு. ஊசி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. முருகையா வாய் திறக்கவில்லை.

"நூத்தி முப்பத்தி நாலு."

ஊசி மெல்ல வந்து நூற்று முப்பத்து நாலில் நின்றது.

"நூத்தி முப்பத்தி நாலூ!" என்றான் ஸலீம். அவன் அதை முருகையாவின் குரல் என்று நினைத்துவிட்டான்.

"குட்" என்றார் துரை. "அட்டை சரி."

அப்போதுதான் மூடுபனி ஏறியது. காலைப் பொழுதில் இப்படி வருவதில்லை. பள்ளத்திலிருந்து புகைபோல் கிளம்பி முதலில் நமுனுகுலவை மறைத்தது, பிறகு தேயிலையை, பிறகு களத்தின் ஓரத்தை. குடை மட்டும் சற்று நேரம் கறுப்பாகத் தெரிந்தது. அதுவும் போயிற்று.

"தள்ளு!" என்று துரையின் குரல் மட்டும் வந்தது. "அஞ்சாவது கோடு!"

விமானம் திரும்பியது. மிக லேசாகத் திரும்பியது.

தூரத்தில் தொழிற்சாலை மணி அடித்தது. ஒவ்வொன்றாக எண்ணினான். பத்து.

அவன் குனிந்து ஊசியைப் பார்த்தான்.

விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊசி வடக்கையே பார்க்க வேண்டும். மூக்கு தெற்கே இருக்கும்போது அதன் கறுப்புத் தலை விமானத்தின் வால் திசையைக் காட்ட வேண்டும். நூற்று எழுபத்தொன்பது என்று வர வேண்டும்.

ஊசியின் தலை வால் திசையில் நிற்காமல் ஒருபக்கம் விலகி, அவன் இடுப்போர மடியைக் காட்டியது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தான்.

ஊசி இடது பக்கம் வந்தது.

வலது பக்கம் சாய்ந்தான்.

வந்தது.

"முருகையா! நம்பர்?"

அவன் மடியைக் கையால் பொத்தினான்.

டக்.

முன் இருக்கையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிராம்பும் புதுப் பாக்கும் கலந்த வாசனை பனிக்குள் பரவியது. முன் இருக்கையின் தோல் மெத்தை புதியது, துரை கொழும்பிலிருந்து வரவழைத்தது, இன்னும் ஒருவரும் உட்காராதது. முருகையா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடு மெதுவாக அமுங்கியது.

"ஸலீம் நானா" என்றான். "முன்னுக்கு யாராச்சும் ஏறினீங்களா?"

"இல்லியே. நாங்க நாலு பேரும் வால்லதான் நிக்கிறம்." பிறகு ஸலீமின் குரல் தாழ்ந்து கேட்டது. "அண்ணே. வால் கனக்கவே இல்ல. இன்னொரு ஆள் புடிச்ச மாதிரி இருந்திச்சி."

"கீழ பாருங்க நானா" என்று வேறொருவன் கிசுகிசுத்தான்.

முருகையாவும் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். தள்ளியவர்களின் கால்கள் சுண்ணாம்பை மிதித்து, களத்தில் வெள்ளைத் தடங்கள் கிடந்தன. வால் பக்கம் ஐந்து சோடித் தடங்கள். ஐந்தாவது சோடி அங்கிருந்து பிரிந்து, இறக்கையைச் சுற்றி, முன் இருக்கைக்குக் கீழே வந்து நின்றது.

திரும்பிப் போன தடம் இல்லை.

இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை. மண்வெட்டி பட்டு மாடசாமி விரலை இழந்த வருடம்தான் ஜெயலெட்சுமியைக் கட்டினான்.

அரத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று மட்டும் முருகையாவுக்குத் தோன்றியது. மடியை அவிழ்த்தான். பொதியைப் பிரித்தான்.

துணிக்குள் அரம் இல்லை.

பாக்குவெட்டி இருந்தது. கைப்பிடியில் ஜெயலெட்சுமி சுற்றிக் கொடுத்த சிவப்பு நூல். தகரப்பெட்டியில் பூட்டி வைத்தது. பெட்டிச் சாவி, கொத்தோடு களத்தோரக் கல்லின் மேல் இருக்கிறது.

இரண்டு அலகுக்கும் நடுவே ஒரு பாக்குச் சீவல். அப்போதுதான் வெட்டியதுபோல் ஈரமாக இருந்தது.

---

எப்படி இறங்கினான் என்று அவனுக்கு நினைவில்லை. களத்தில் நின்றபோது பாக்குவெட்டி உள்ளங்கையில் திறந்து கிடந்தது. துரை பனிக்குள்ளிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளையும் வந்தார். ஜெயலெட்சுமி எல்லோருக்கும் பின்னால் வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

அவள் சிவப்பு நூலைப் பார்த்தாள்.

"இது எப்படிண்ணே ஒங்ககிட்ட?"

"போற அன்னைக்கிக் குடுத்துட்டுப் போனான்."

"அப்ப அவருகிட்ட இரும்பு இல்ல."

"இல்ல."

"நூத்தி சொச்சம் நாளு" என்றாள். அவளும் எண்ணியிருக்கிறாள். "ஊரே காறித் துப்பிச்சு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அவன் தலை நிமிரவில்லை. களத்தில் அவன் காலுக்குக் கீழே ஐந்தாவது கோடு கலைந்து கிடந்தது.

"யாரு இரும்பு?" என்றார் துரை. தமிழில் அவருக்கு அவ்வளவு கேட்கத் தெரிந்திருந்தது.

"என்னோடதுங்க தொரை. ஊசி பாத்த அன்னைக்கி ஒரு அரம் வச்சிருந்தேன். ரெங்கம்மா கட்டிவிட்டது. பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பாங்கன்னு வெளிய எடுக்கல. இன்னைக்கும் அதத்தான் எடுத்து வந்தேன். அட்டை ஒத்து வரணும்னு. புள்ள பாய்க்கு அடியில இருந்து இழுத்துக்கிட்டு வந்தேன்."

கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த சீட்டில் மை வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஜெயலெட்சுமி புரியாமல் பார்த்தாள்.

"என்னாண்ணே சொல்றீங்க? வர்ற வழியில நான் உங்க வீட்டுக்குப் போயிட்டுத்தானே வந்தேன். நீங்க அப்பவே கெளம்பிப் போயிட்டீங்க. அண்ணி துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. புள்ளய நான்தான் தூக்கி மாத்திப் படுக்க வச்சேன். அரம் பாய்க்கு அடியில இருந்துச்சே. மஞ்ச நூலோட. நான் பாத்தேன்."



முருகையா தன் விரல்களைப் பார்த்தான். அரத்தின் பற்கள் கீறிய இடம் இன்னும் சிவந்திருந்தது.

முன் இருக்கைக்கு வந்தது, பிள்ளைக்கு உரியதைப் பிள்ளையிடம் திருப்பி வைத்துவிட்டு, தன்னுடையதை அவன் மடியில் போட்டிருக்கிறது.

"அண்ணே." ஜெயலெட்சுமியின் குரல் இப்போது மிகவும் மெல்லியதாக இருந்தது. "நீங்க இரும்போட உள்ள உக்காந்தது அவருக்குத் தெரியுமா?"

அந்த ஒன்றை முருகையா நூற்றுப் பன்னிரண்டு நாட்களாக மனதுக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

பனி அசையாமல் நின்றது. விமானத்தின் முன் இருக்கை யாருமில்லாமல் மங்கலாகத் தெரிந்தது.

அங்கிருந்து, பலகையில் இரண்டு தட்டு.

ஸலீம் பின்வாங்கினான். துரை தடியை இறுக்கிப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்டது.

"தெரியும் ஜெயா" என்றான் முருகையா. "என்னையத் தூக்கி ஏத்தயில அவன் கையில தட்டுப்பட்டுச்சு. 'இருக்கட்டும் மச்சான், புள்ளைக்குத்தானே, நான் வாயத் தொறக்க மாட்டேன்'னு காதுல சொன்னான். ஏறிப்போற அன்னைக்கி இதக் கையில குடுத்து, 'ஒன் இரும்பே போதும் அந்த ஊசிக்கு'ன்னு சிரிச்சான். அவனுக்கு வெளயாட்டு. ஊசியப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். தொரை கத்திய வச்சுக் காட்டுனப்பவே எனக்குத் தெரியும். அஞ்சு நாளு இருந்துச்சு, அட்டை பொய்யின்னு ஒரு வார்த்த சொல்ல. நான் சொல்லல. அன்னைக்கி அவன் காலு எட்டல. நான்தான் இடுப்பப் புடிச்சு ஏத்திவிட்டேன். தெரிஞ்சேதான் ஏத்திவிட்டேன்."